உம் கொட்டுகிறவர்கள்

1

போன வாரம் என் கைப்பேசி இனிமேல் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. எதை அழிக்கலாம் என்று தேடினால், இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் என் தம்பி செந்திலின் குரல்.

செந்தில் கோயமுத்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறான். சவாரி கிடைக்காமல் ரயிலடிப் பக்கம் காத்து நிற்கும் நேரங்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து எனக்கு அனுப்புவான். நாங்கள் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது, மகன் கவினுக்கு ஆறு. அவர்கள் தமிழில் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் அந்தக் காருக்குள் படிக்கப்பட்டவை.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அழித்துவிடச் சொன்னார் என் வீட்டுக்காரர். அவர் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிவிடலாம் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. சரி, ஏற்றுவதற்கு முன்னால் ஒன்றிரண்டைக் கேட்டுப் பார்ப்போமே என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்தப் பதிவுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். பின்னணி இசையெல்லாம் கிடையாது. ஆட்டோக்களின் ஹாரன்தான் இசை. ஒரு கதையில், பல்வலி வந்த முதலை ஒன்று குரங்கு டாக்டரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. டாக்டர் குறடை எடுக்கிறார். அந்த இடத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள். கண்ணாடி இறங்கும் சத்தம். "ஏனுங்க, காந்திபுரம் வருமுங்களா?" என்று ஒரு பெண் குரல். "வாரனுங்க, ஏறிக்குங்க" என்று செந்தில். அதோடு பதிவு நின்றுபோகும். அவரை இறக்கிவிட்டு அடுத்த பதிவு வருவதற்குள் இங்கே எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும் முதலைக்கு வாய் வலிக்காதா என்று கவின் கேட்டுக்கொண்டே இருந்தான். காந்திபுரம் என்பது கதைக்குள் இருக்கும் ஊர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தான்.

செந்தில் புத்தகத்தில் இருப்பதை இருப்பது போலப் படிக்கவும் மாட்டான். அந்த முதலை அச்சில், "அடேய் டாக்டர், சீக்கிரம் பிடுங்கடா!" என்று கத்துகிறது. செந்திலின் முதலையோ, "ஏனுங்க டாக்டரு, வலிக்காமப் புடுங்கிப்போடுவீங்களா?" என்று கேட்கும். நரி, பூதம், திருடன் எல்லோரும் அவன் வாயில் விழுந்தால் மரியாதைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். நான் ஒருமுறை போனில் கேட்டேன். கொழந்தைகளுக்குப் படிக்கறப்ப எப்படீங்க்கா மரியாதையில்லாமப் படிக்கறது என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஓர் இடைவெளி விடுவான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். முதல் பதிவைக் கேட்டபோது இணையம் விட்டு விட்டு வருகிறது என்று வீட்டுக்காரர் எழுந்து போய் இணையப் பெட்டியை அணைத்துப் போட்டார். எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவன் 'உம்' வருவதற்குக் காத்திருக்கிறான்.

3

சிங்காநல்லூரில் லைன் வீடு எங்களுடையது. அப்பா மில்லில் வேலை. அம்மா கிரைண்டரில் மாவாட்டி அக்கம்பக்கத்துக்கு விற்றாள். அப்பா வாரத்துக்கு ஒரு சிறுவர் பத்திரிகை வாங்கி வருவார். ஒரே பத்திரிகைக்கு நானும் செந்திலும் அடித்துக்கொண்டதில் ஒருநாள் அது நடுவாந்திரமாகக் கிழிந்துபோனது. அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் உம் கொட்ட வேண்டும், அடுத்த கதைக்கு ஆள் மாற வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்க வேண்டும்.

உம் கொட்டுவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம். அந்தச் சத்தத்துக்கு மேலே படிக்க வேண்டும், அதற்கும் மேலே உம் கொட்ட வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் கதைப் பைத்தியம். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருப்பாள். சில நாள் திடீரென்று கரண்ட் போகும். கிரைண்டர் நின்றது தெரியாமல் நாங்கள் தொடர்ந்து கத்திக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அப்புறம் அந்த ராஜகுமாரி என்ன பண்ணினாள் என்று விசாரிப்பார்.

அந்த வீட்டை நினைத்து நான் உருகவில்லை. சித்திரை மாதத்தில் அதற்குள் மனுஷர் உட்கார முடியாது. அம்மாவும் இப்போது இல்லை. ஆனால் கதை என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை என்பது எனக்குள் ஊறியது அங்கேதான். ஒரு ஆள் சொன்னால் மட்டும் கதை ஆகாது. உம் சொல்ல இன்னோர் ஆள் வேண்டும்.

4

இங்கே வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் ஊர் நூலகம். யாழினிக்கு அட்டை வாங்கப் போனபோது, நாங்கள் குடியிருக்கும் வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி தரும் அலுவலகத்தில் முன்பதிவு செய்தீர்களா என்று கேட்டார்கள். ஜெர்மனியில் காற்று வாங்கக்கூட முன்பதிவு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் அட்டை கைக்கு வந்த பிறகு அது வேறொரு உலகம். வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். உள்ளே மெத்தை விரித்த தரையில் குழந்தைகள் குப்புறப் படுத்துக் காதில் கதை கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு சுவர் முழுக்கக் குழந்தைகளுக்கான ஒலிப்புத்தகங்கள். எனக்கு அந்த மூலையை விட்டு வரவே மனம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதை நேரம். நான்கு பேரும் தரையில் படுத்துக்கொள்வோம். முதலில் நூலகத்து ஜெர்மன் கதை ஒன்று ஓடும். பிறகு நான் ஒரு படப்புத்தகம் படிப்பேன். கடைசியில் செந்தில் மாமா. ஜெர்மன் கதையில் சிரிக்க வேண்டிய இடம் வந்தால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். நானும் வீட்டுக்காரரும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்போம். சினிமாக் கொட்டகையில் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி ஒரு நொடி பிந்திய சிரிப்பு. அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

என் படிப்புதான் பிரச்சினை. ஜெர்மனில் சில எழுத்துகளுக்கு விசில் அடிப்பது போல உதட்டைக் குவிக்க வேண்டும். கிரைண்டருக்கு மேலே கத்திப் பழகிய வாய் எனக்கு, அது குவியாது. யாழினி முதலில் பொறுமையாகத் திருத்தினாள். பிறகு பொறுமையில்லாமல் திருத்தினாள். பிறகு நான் படிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தாள். இதற்கிடையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் நின்றுபோனது. ரயிலில் ஒரு மணி நேரம் போக வேண்டும். அதே நேரத்தில் நீச்சல் வகுப்பு வந்தது, நீச்சல் ஜெயித்தது.

அப்புறம்தான் நூலகத்தில் அது நடந்தது. அங்கே மாதத்துக்கு ஒருநாள் குழந்தைகளுக்குக் கதை படிப்பார்கள். படிக்கிற அம்மாள் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக இருப்பார். கவினை முதல்முறையாக அழைத்துப் போயிருந்தேன். அவர் முதல் வாக்கியத்தைப் படித்து முடித்தார். கவின் "உம்" என்றான். எங்கள் குடும்பத்து உம் அது, அந்த அறைக்குள் இடி இறங்கியது மாதிரி இருந்தது. அவர் சிரித்துவிட்டு அடுத்த வாக்கியத்தைப் படித்தார். "உம்." படிப்பதை நிறுத்திவிட்டு, உனக்கு இந்தக் கதை முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றான். இன்னொரு வாக்கியம், இன்னோர் உம். அவர் குனிந்து, இங்கே காதால் மட்டும் கேட்போம், சரியா என்று மிக அன்பாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கவின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். பொத்திய கைக்குள்ளேயும் அடுத்த வாக்கியத்துக்கு உம் வந்தது.

புத்தக அலமாரிப் பக்கம் யாழினி நின்றிருந்தாள், கூடவே அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். வீடு வரும் வரை எங்களுக்கு முன்னால் தனியாக நடந்து போனாள். வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அம்மா, இனிமே நீ அவனுக்குப் படிக்காதே. மாமா கதையும் போடாதே. எல்லாரும் சிரிக்கறாங்க. உன்னையும் சிரிக்கறாங்க, அவனையும் சிரிக்கறாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சத்தம் போட்டு முடித்திருப்பேன். அவள் பாவப்பட்டுச் சொன்னாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு நான் அவர்களுக்குப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழினி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாகக் கேட்டாள். கவின் மட்டும் கூடத்தில் மாமாவின் கதையைப் போட்டு, யாருக்கும் கேட்காமல் உதட்டை மட்டும் அசைத்து உம் கொட்டினான். யாழினி அறைக்குள்ளிருந்து சில நேரம் சிரிப்புச் சத்தம் வரும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது. பெற்ற மகள் எந்தக் கதையில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல் ஒரே வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பது எப்படி என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்ற கவலை இங்கே எல்லோருக்கும் உண்டு. என் கவலை அதைவிடச் சின்னது, ஆனால் அதைவிட வலித்தது. அவளுடைய கதைகளில் எனக்கு உட்கார ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. நான் கேட்டதெல்லாம் அந்த இடத்தைத்தான்.

5

ஆகஸ்டில் ஊருக்கு வந்தோம். வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைக்கவில்லை, பிள்ளைகளும் நானும் மட்டும். ஆனைமலை மாசாணியம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. கவினுக்குக் குளிர்காலம் முழுக்க இருமல், நானும் வேண்டி வைத்திருந்தேன். ஆடி மாசம், கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று காலையில் எல்லோரையும் விரட்டிக் கிளப்பினேன். செந்தில்தான் வண்டி ஓட்டினான். சொந்த அக்காவுக்காகக்கூட ஒரு கிலோமீட்டர் வீணாக ஓட்டாத ஆள் அவன். சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுவான்.

யாழினி முன் சீட்டில் காதில் ஒயரோடு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கவினும் நானும் பின்னால். கிணத்துக்கடவு தாண்டியதும் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து வண்டியைத் தள்ளியது. ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்றால் இந்தச் சின்ன வண்டி எம்மாத்திரம். தென்னந்தோப்புகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. கவின் மாமாவிடம் கதை கேட்டு நச்சரித்தான். வண்டியை ஓட்டிக்கொண்டு புத்தகம் படிக்க முடியாது, அம்மாவிடம் கேளுங்கள் என்றான் செந்தில். என்னிடம் கேட்கக் கவினுக்குத் தோன்றவில்லை. அக்காவின் தோளைச் சுரண்டினான். அவள் பெருமூச்சு விட்டு, தான் கேட்டுக்கொண்டிருந்ததைக் காரின் ஸ்பீக்கரில் இணைத்துவிட்டாள்.

வண்டி முழுக்க ஒரு ஜெர்மன் பெண்ணின் குரல் நிறைந்தது. நிதானமான, ஈரமான குரல். இடையிடையே கடல் அலையின் சத்தம். பொள்ளாச்சி ரோட்டில் கடல். எனக்கு வார்த்தைகள் பாதிதான் பிடிபட்டன, கண்ணை மூடிக்கொண்டேன். குரல் ஒரு வாக்கியத்தை முடித்தது.

"உம்" என்றான் செந்தில்.

கண்ணைத் திறந்தேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வாக்கியம் முடிந்தது. "உம்." கேலியில்லை, விளையாட்டில்லை. யாரோ கதை சொல்கிறார்கள், அவன் வாய் தானாக அதன் வேலையைச் செய்கிறது. யாழினி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். நூலகத்தில் கவினைப் பார்த்த பார்வை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

செந்தில் கொஞ்ச நேரம் கழித்து நிஜமான கவலையோடு சொன்னான்: "அம்மணி, அவங்க நிக்கவே மாட்டேங்கறாங்களே. நான் உம் சொல்றது அவங்களுக்குக் கேக்கலையாட்ட இருக்குதுங்."

"மாமா, உங்களுக்குப் புரியுதா?"

"ஒண்ணுமே புரியலீங். அதுக்காக ஒருத்தங்க கதை சொல்றப்பச் சும்மா உக்காந்திருக்க முடியுமுங்களா? பாவம், தனியாப் பேசீட்டு இருக்காங்க."

யாழினி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஸ்பீக்கரை நிறுத்தினாள். "நான் சொல்றேன், இருங்க" என்றாள், தமிழில்.

6

கடலுக்குள் ஒரு பாறை. பாறை மேல் ஒரு டவர். டவர் உச்சியில் கப்பல்களுக்கு விளக்குப் போடுகிற வேலை ஒரு கிழட்டு வாத்துக்கு. ஒருநாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வாத்து திறந்து பார்த்தால் வெளியே நிற்பது... அங்கே அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. ஜெர்மன் சொல்லை வாய்க்குள் உருட்டினாள். மூடுபனி என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவள் திரும்பி, சரி, அதுதான் என்று சொல்லி, அப்புறம் இன்னும் இரண்டு சொல்லுக்கு என்னைக் கேட்டு, நாலாவது சொல்லில் சலித்துப்போய் ஸ்பீக்கரைப் போட்டிருப்பாள். திருத்தத் திருத்த வாய் எப்படி மூடிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைக் கேட்கவுமில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். தூரத்தில் ஆனைமலைக் குன்றுகள் மேல் மழைமேகம் இறங்கிப் பாதி மலையைக் காணோம். விரலை நீட்டினாள். "அதோ, அந்த மாதிரி. கீழே வந்த மேகம்."

"உம்" என்றான் செந்தில்.

கீழே வந்த மேகம் வாத்திடம் கேட்கிறது: "ஏனுங்க, வெளியே ரொம்பக் குளுருதுங்க. உள்ளே வரலாமுங்களா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இது நான் பேசுகிற தமிழ்கூட இல்லை. பல ஊர்க்காரர்களோடு பேசிப் பேசி என் பேச்சிலிருந்து 'ங்க' எப்போதோ உதிர்ந்துவிட்டது. இது காருக்குள்ளிருந்து வந்த தமிழ். கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஒயரோடு கிடந்தவளுக்குள் இது எந்த வழியாகப் போனது என்று யோசித்தேன். வாக்கியம் முடிந்த இடத்தில் அவள் நிறுத்தவும் செய்தாள். செந்தில் உம் என்றான். கவின் நன்றாகவே கத்தி உம் என்றான். இந்த முறை அவனை யாரும் அடக்கவில்லை.

மேகம் டவருக்குள் வந்து சுருண்டு படுத்துக்கொண்டது. மறுநாள் கடல் பளிச்சென்று இருந்தது. கப்பல்களெல்லாம் விளக்கைத் திரும்பிப் பார்க்காமலே போயின. வாத்து விளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டது. பார்க்க ஆளில்லை. இனிமேல் நான் எதுக்கு என்று வாத்துக்கு அழுகை வந்தது. இதைச் சொல்லும்போது யாழினியின் தமிழ் தடுக்கியது, ஒருமையும் பன்மையும் கலந்து விழுந்தன. எனக்கு ஒன்றும் குறையாகப் படவில்லை. கவின் என் மடியில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தான். வெளியே தூறல். வண்டிக்குள் கடல்.

அப்போதுதான் ஆனைமலை வந்துவிட்டது தெரிந்தது. பூக்கடைகள், எலுமிச்சம்பழ மாலைகள், மஞ்சள் சேலைகள், வண்டிகளின் வரிசை. செந்தில் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அக்கா, கோயலுக்குத் திருப்பட்டுங்களா? இப்ப உட்டா அப்புறம் கூட்டம் வந்துருமுங்."

யாழினி நிறுத்திவிட்டாள். ஒயரைக் கையில் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். இறங்கி, செருப்பை விட்டு, வரிசையில் நின்று, திரும்பி வந்து ஏறும்போது அந்த ஒயர் அவள் காதில் இருக்கும். மிச்சக் கதையை நான் கேட்க மாட்டேன். காலையிலிருந்து எல்லோரையும் விரட்டியவள் நான்தான்.

"நேராப் போ, செந்திலு" என்றேன்.

"கோயலுங்க்கா?"

"அம்மன் எங்கயும் போயிர மாட்டா. நீ போ."

 கோயில் பக்கம் திரும்பாமல் சேத்துமடை ரோட்டில் செந்தில் வண்டியை விட்டான். கடைகள் தீர்ந்து மறுபடியும் தென்னந்தோப்பு வந்தது. மலை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. யாழினி கையிலிருந்த ஒயரை மடியில் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சொன்னாள். வாத்து மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததாம். நிறுத்தினாள். உம் வரவில்லை. செந்தில் வாயை இறுக மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். வேண்டுமென்றேதான் இருந்தான். முன் கண்ணாடியில் யாழினியின் கண்கள் என்னைத் தேடி வந்து நின்றன.

"உம்" என்றேன்.

அவள் தொடர்ந்தாள். "அப்புறம் அந்த வாத்து வெளக்கை அணைச்சுப்போட்டு, மேகத்துப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. 'எனக்கு இந்தப் பாறையைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க எங்கெங்கயோ போயிட்டு வந்தவங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்'னு சொல்லுச்சு."

"உம்" என்றேன்.

செந்தில் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினான்.